அடிபம்பும் அலைவரிசையும்

எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் ஒரே அடிபம்பு. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்திருந்தார்கள். எண்ணூருக்கு ஷிப்டு வேலைக்குப் போனவர் வீட்டு முறையில் பம்பு சும்மா நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா காலிக் குடத்துடன் நிற்பார். அதற்கொரு சண்டை வேறு! கடைசியில் என் அம்மாதான், "பம்பு சும்மா இருந்தா யாரு வேணா அடிச்சுக்கட்டும்" என்று முடித்துவைத்தார். தண்ணீர் கூடவில்லை, சண்டை குறைந்தது.

வானொலி அலைகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே அரசு அலைவரிசைகளைப் பிரித்து உரிமம் தருகிறது. அவை பொதுச் சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றமே கூறியது. ஆனால், பிரித்துக் கொடுத்தது எந்நேரமும் பயன்படுகிறதா?

இதற்கு விடை தேடியவர்களுள் நம் சென்னைக்காரர்களும் உண்டு. 1990-களில் இங்குள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் உடன் ஆசிரியர்களும், சென்னை மைடாஸ் நிறுவனத்துடனும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடனும் கூடி 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கினர். கிராமத்துக்குக் குறைந்த செலவில் தொலைபேசி என்பதே நோக்கம். அடிப்படை, ஐரோப்பாவின் 'டெக்ட்' முறை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை 10 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் காலத்தை நறுக்கி 12 பேச்சுகள். ஆக 120 வழிகள். சுவை இனிமேல்தான். எந்த வழி யாருக்கு என்று முன்கூட்டி எவரும் எழுதிவைப்பதில்லை. கருவியே காதுகொடுத்துக் கேட்டு, இரைச்சல் குறைந்த வழியைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் குறுக்கீடு வந்தால் வேறு வழிக்கு நழுவுகிறது. அம்மாவின் சட்டம்தான்!

பின்னர் செல்போன் கோபுரங்கள் பெருகின, கார்டெக்ட் பின்தங்கியது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய வை-ஃபை கருவியும் பேசுமுன் கேட்கத்தானே செய்கிறது?

கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவர் மறைவில் பேசுபவரின் குரல் என் காதில் விழாது. வழி காலி என்று நானும் தொடங்கினால், இடையில் இருப்பவருக்கு இரண்டும் கலந்து குழம்பும். 'பேசலாமா?' என்று அவரிடமே முதலில் கேட்டு, அவர் 'பேசு' என்பதை இருபுறமும் கேட்கச் செய்வது ஒரு வழி. அதற்கும் சிறிது நேரம் செலவாகும். எங்கள் பம்படியில் அந்த ஏற்பாடு கிடையாது. முனைவீட்டுப் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்தபடியே 'அடுத்தது நான்' என்றிருப்பார்; மறுபக்கம் வந்தவருக்குத் தெரியாது. அவர் வாங்கும் திட்டைக் கல்லூரி மலரில் அச்சிட முடியாது.