ரத்த அழுத்தம் குறைந்தாலும் ஆபத்து!

"ரத்தக் கொதிப்பு" என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள். ரத்த அழுத்தம் அதிகமாவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அது குறைந்தால்? அதிலும் ஆபத்து உண்டு.

பம்பு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது போல, இருதயம் உடல் முழுவதும் ரத்தத்தைத் தள்ளுகிறது. தள்ளும் வேகம் குறைந்தால் மேட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. உடம்பில் மேட்டுப் பாத்தி, மூளை! அங்கே ரத்தம் குறைந்தால் தலை சுற்றும், கண் இருட்டும், ஆள் மயங்கி விழுவார்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

சாதாரணமாக ரத்த அழுத்தம் 120/80 அளவில் இருக்கும். 90/60-க்குக் கீழே போனால் "குறைவு" என்கிறார்கள் டாக்டர்கள். சிலருக்கு இயற்கையாகவே குறைவாக இருக்கும். தொந்தரவு இல்லை என்றால் கவலை வேண்டாம்.

திடீர் என்று குறைவதுதான் ஆபத்து. வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு, வெயிலில் வியர்வை கொட்டுவது ஆகியவை இதற்குக் காரணம் ஆகலாம். கொதிப்பு மாத்திரையின் அளவு கூடினாலும் அழுத்தம் இறங்கிவிடும்.

தீயும் ரத்த அழுத்தமும்

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே உள்ளது அச்சங்குளம். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி அங்கே பட்டாசு ஆலையில் பயங்கர வெடி விபத்து நடந்தது. தொழிலாளர்கள் பலர் பலியானார்கள். பலர் தீக்காயம் அடைந்தார்கள்.

தீக்காயம் தோலோடு நிற்பது இல்லை. உடம்பில் பெரும் பகுதி வெந்துவிட்டால், ரத்தத்தில் உள்ள நீர் குழாய்களை விட்டுக் கசிந்துவிடும். ரத்தம் சுண்டும். அழுத்தம் இறங்கும். சிறுநீரகம் கெடும். உயிருக்கே ஆபத்து வரும்.

இதைத் தடுக்க, உப்புச் சத்து கலந்த திரவத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். எடை 50 கிலோ; உடம்பில் நூற்றுக்கு 40 பங்கு தீக்காயம் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் போடும் ஒரு கணக்குப்படி, முதல் நாளில் மட்டும் சுமார் 8 லிட்டர் தேவை! அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இந்த நேரம் தீப்பட்ட நிமிஷத்தில் இருந்து கணக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் இருந்து அல்ல. ஆகவே தாமதம் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

* தீக்காயத்தின் மீது சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். மாவு, மை, பற்பசை தடவாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

* தலை சுற்றினால் உடனே படுக்க வைத்து, கால்களை உயர்த்துங்கள். நினைவு இருந்தால் தண்ணீரோ மோரோ கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

* வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். வெகு நேரம் உட்கார்ந்திருந்தால் மெதுவாக எழுந்திருக்க வேண்டும்.

* கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கடி தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"வெறும் மயக்கம்தானே!" என்று அலட்சியம் செய்யாதீர்கள். நேரத்தோடு கவனித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.