எழுத்துக்கு ஒலி கூட்டும் விளையாட்டு

சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் கணினி விளையாட்டுகள் இன்று கைப்பேசிதோறும் நிறைந்திருந்தாலும், வாசிப்பு எப்படிக் கைவருகிறது என்ற நீண்ட ஆய்விலிருந்து பிறந்தவை மிகச் சிலவே. அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, பின்லாந்தின் யூவாஸ்கைலா பல்கலைக்கழகத்தில் உருவாகி, அந்நாட்டில் எகாபெலி என்றும் பிற நாடுகளில் கிராஃபோகேம் என்றும் வழங்கும் விளையாட்டாகும்.

அதன் வேர் டிஸ்லெக்சியா பற்றிய ஆய்வில் இருக்கிறது. அறிவுத்திறனில் குறையேதும் இல்லாதிருந்தும் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் மட்டும் ஒருவர் விடாது இடர்ப்படும் நிலையே டிஸ்லெக்சியா எனப்படுகிறது. அது குடும்பவழித் தொடரக்கூடியது. உளவியலாளர் ஹெய்க்கி லூட்டினென் தலைமையிலான குழு, 1990களில் சுமார் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரத் தொடங்கியது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இக்குறைபாடு உள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். பின்லாந்தில் பேசப்படும் பின்னிய மொழியில் 'அத' என்பதற்கும் 'அத்த' என்பதற்கும் உள்ள வேறுபாடு போல, மெய்யொலி நீளும் அளவே பொருளை மாற்றிவிடும். ஆறு மாதப் பருவத்திலேயே இந்த அளவை வேறுபடுத்தி உணர்வதில் இவ்விரு பிரிவினரும் ஒத்திருக்கவில்லை என்று அக்குழு கண்டது. வாசிப்பில் தோன்றும் இடர்ப்பாட்டுக்கான அறிகுறி, குழந்தை எழுத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே செவியில் தென்பட்டுவிடுகிறது என்றால், பள்ளியில் தோற்று மனம் நொந்த பிறகு உதவுவதைவிடத் தொடக்கத்திலேயே எழுத்தையும் ஒலியையும் உறுதியாக இணைத்துவிடுவது மேல் என்ற எண்ணத்திலிருந்தே விளையாட்டு உருவாயிற்று. உல்லா ரிச்சர்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பின்னர் அதைப் பல மொழிகளுக்கும் கொண்டுசென்றனர்.

விளையாட்டின் அமைப்பு மிக எளியது. குழந்தையின் காதில் மாட்டிய ஒலிக்கருவியில் ஓர் ஒலி கேட்கிறது. திரையின் மேலிருந்து எழுத்துகளைத் தாங்கிய சில பந்துகள் மெல்ல இறங்குகின்றன. கேட்ட ஒலிக்குரிய எழுத்தை அது தரையைத் தொடுமுன் குழந்தை தொட வேண்டும். தவறினால் கண்டிப்பு எதுவும் இல்லை. சரியான எழுத்து காட்டப்பட்டு, அதே ஒலி சற்று நேரத்தில் மீண்டும் வருகிறது. எந்த இரண்டு எழுத்துகளைக் குழந்தை மாற்றி மாற்றித் தொடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளும் நிரல், ஐந்தில் நான்கு முறையாவது வெற்றி கிட்டும் அளவில் கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறது. இவ்வாறு கற்பவருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்பே அச்சிட்ட பயிற்சிப் புத்தகத்திடம் இல்லாதது. சலிப்பில்லாமல் நூற்றுக்கணக்கான முறை ஒரே இணைப்பைப் பயிற்றுவதற்கு, முப்பது குழந்தைகளை ஒருசேரக் கவனிக்கும் ஆசிரியருக்கு நேரம் ஏது?

இப்பயிற்சி மூளையிலும் தடம் பதிக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்தில் இன்னும் வாசிக்கத் தொடங்காத மழலையர் வகுப்புக் குழந்தைகள், எட்டு வாரங்களில் மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே இதை விளையாடினர். எனினும் எழுத்துருக்களை இனங்காணும் மூளைப்பகுதி, அச்சிட்ட சொற்களுக்குத் தனித்த முறையில் துலங்கத் தொடங்கியது.

ஆயினும் எல்லா மொழிகளிலும் இதே பயனை எதிர்பார்ப்பது பிழை. பின்னிய மொழியில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற ஒழுங்கு ஏறத்தாழ முழுமையானது. ஆங்கிலத்தில் அது அடிக்கடி முறிகிறது. 2003இல் வெளிவந்த ஐரோப்பிய ஒப்பாய்வில், முதல் வகுப்பின் இறுதியில் பின்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களில் 98 விழுக்காட்டைச் சரியாக வாசிக்க, ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 விழுக்காட்டையே வாசித்தனர். ஆங்கிலத்துக்காக, தனி எழுத்தை விட்டுச் சொல்லின் இயைபுப் பகுதியை அடிப்படையாக்கி ஒரு வடிவம் உருவாக்கப்பட்டது. இங்கிலாந்துப் பள்ளிகளில் அதைச் சோதித்து 2018இல் வெளியிட்ட பெரிய ஆய்வோ, வழக்கமான கற்பித்தலைவிட அது கூடுதல் பயன் தரவில்லை என்று கண்டது.

இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியது பெரியவரின் பங்கு. சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நியாஞ்சா மொழி வடிவத்தைக் கைப்பேசியில் சோதித்தபோது, மாணவர் மட்டும் விளையாடிய வகுப்புகளைவிட, ஆசிரியரும் மாணவரும் விளையாடிய வகுப்புகளே சிறந்து விளங்கின. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் முறையை ஆசிரியர் தாமே விளையாடி உணர்ந்தது, அவருடைய அன்றாடக் கற்பித்தலையும் திருத்தியிருக்கலாம். பல நாடுகளின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2020இல் வந்த மதிப்பீடும் இதையே காட்டியது: சொல் வாசிப்பில் விளையாட்டின் சராசரிப் பயன் சுழிக்கு அருகில்தான் இருந்தது, பெரியவர் ஒருவர் உடனிருந்து பேசி ஊக்குவித்த ஆய்வுகளில் மட்டும் அது குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. குழந்தையிடம் கருவியைக் கொடுத்துவிட்டு அப்பால் செல்வதைக் கல்வி என்று விற்பவர்கள் இம்முடிவை மறைக்கக் கூடாது.

தமிழுக்கு இத்தகைய விளையாட்டை அமைப்பதாயின், பின்னிய வடிவத்தை அப்படியே பெயர்த்துவைப்பது போதாது. குறில் நெடில் வேறுபாடும், 'படம்', 'பட்டம்' போன்ற ஒற்று வேறுபாடும் அந்த மொழியோடு தமிழுக்கு உள்ள ஒப்புமையாக உதவும். ஆனால் 247 எழுத்துகளைத் தனித்தனிப் பந்துகளாக இறக்குவது குழந்தையைத் திணறடிக்கும். உயிர்மெய்க் குறியீடுகளின் ஒழுங்கையே பயிற்ற வேண்டியிருக்கும். அங்கும் 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது, 'கொ' என்பதில் அது இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இவற்றைத் துண்டுகளாக உடைக்காமல் முழு அசையாகக் காட்டி, பிறகு 'கெ, கே', 'கொ, கோ' என ஒப்பிடச் செய்வதே பொருத்தமாகும். இன்றைய பேச்சில் பெரும்பாலோர் நகரத்தையும் னகரத்தையும் ஒன்றாகவே ஒலிப்பதால், ஒலியை மட்டும் கேட்கச் செய்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது குழந்தைக்கு இழைக்கும் அநீதி. 'நரி', 'மான்' என்ற முழுச்சொற்களின் வழியே, சொல்லின் தொடக்கத்தில் எது வரும், இறுதியில் எது வரும் என்று பழக்க வேண்டும். லகர, ளகர, ழகரங்களுக்குக் குரல் கொடுப்பவரோ, அவற்றைத் தெளிவாகப் பிரித்து ஒலிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். ஏனெனில் குழந்தை அந்தக் குரலைத்தான் அளவுகோலாகக் கொள்ளும்.