சீசர் முகத்தில் உளி

எனக்குத் தொழில் தட்டார வேலை. புதுக்கோட்டையில் என் பட்டறைக்கு இப்போதெல்லாம் கம்மல் திருகு போட வருகிறவர்களைவிடக் காசு காட்ட வருகிறவர்கள்தான் அதிகம். “மிண்ட் எரராம் பத்தரே, வீடியோவுல லட்சம் போகும்ங்கிறான்” என்று ஒரு இரண்டு ரூபாயை நீட்டுவார்கள். பார்த்தால் யாரோ சுத்தியலால் தட்டியிருப்பார்கள். அதைச் சொன்னால் என்மேல்தான் கோபம்.

காசில் ஒரு குறை கண்டால் நான் கேட்பது ஒன்றுதான்: இது அக்கசாலையை விட்டு வருமுன் விழுந்ததா, வந்த பிறகா? அச்சில் விரிசல் விட்டிருந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிவிடும். காசில் அது மேடான கோடாக நிற்கும். வெளியில் கீறினவனால் மேடு உண்டாக்க முடியாது, பள்ளம்தான் வரும். உளி இறங்கினால் உலோகம் எங்கும் போய்விடாது, இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கரை கட்டும். நகத்தால் தடவினால் பிசிறு தட்டும். அச்சுக்கும் காசாகப் போகிற வில்லைக்கும் நடுவே நூலோ தூசியோ சிக்கியும் பள்ளம் விழுவதுண்டு. ஆனால் அதற்குக் கரை இருக்காது.

வைஸில் இரண்டு காசை இறுக்கி, ஒன்றின் உருவத்தை இன்னொன்றில் தலைகீழாகப் பதித்து விற்கிறவர்களும் உண்டு. நானும் ஒருமுறை ஏமாந்தவன். முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் உருவம் குழிந்து தலைகீழாக விழுவது நிஜமான அக்கசாலைப் பிழை. அதில் அந்த உருவம் மட்டும் சுத்தமாக இருக்கும். வைஸ் வேலையில் பழைய எழுத்து நசுங்கி அடியில் கிடக்கும்.

எங்கள் ஊர் அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. இருபது காசு ஓர் அணா. நவராத்திரிக்குச் சமஸ்தானத்தில் அரிசியோடு தானமாகக் கொடுத்த செப்புக்காசு. கையால் அடித்த பழைய காசுகளில் அம்மன் ஓரத்துக்கு ஒதுங்கியே இருப்பாள். அதைப் பிழை என்று விலை ஏற்றினால் சிரிப்புத்தான் வருகிறது. கையால் அடித்தால் அப்படித்தான் விழும். ஓட்டை போட்ட காசும் நிறைய வரும். அது யாரோ ஒரு பிள்ளையின் இடுப்புக் கயிற்றில் கிடந்தது.

சேதம் என்றால் மட்டம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கருக்காக்குறிச்சிக் கதையைப் படித்தபின் அந்த நினைப்பு போய்விட்டது.

ஆலங்குடிப் பக்கத்து ஊர் அது. 1898-இல் அங்கே ஒரு புதையல் கிடைத்தது: 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ், நீரோ என்று தொடங்கி வெஸ்பாசியன் வரை, எல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டு முடிவதற்குள் அடித்தவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹில் அவற்றைப் பற்றி எழுதினார். பெரும்பாலான காசுகளில் சீசரின், அதாவது ரோமப் பேரரசரின், தலைக்குக் குறுக்கே உளி வெட்டு!

கை தவறி விழுந்த வெட்டில்லை அது. ஒன்றிரண்டு என்றால் தங்கம் அசலா என்று சோதித்தார்கள் எனலாம். நாங்களும் சந்தேகம் வந்தால் வெட்டிப் பார்ப்போம், ஆனால் ஓரத்தில்தான் வெட்டுவோம். இங்கே குறி வைத்தது முகத்தை. ஹில்லின் கணிப்பு, இவற்றை மறுபடி காசாகப் புழங்கவிடாமல் செய்ய வெட்டினார்கள் என்பது. சீசரின் முகத்துக்கு இந்த மண்ணில் செல்வாக்கு கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பாரும் உண்டு. எனக்கு முதல் காரணம் பொருந்துகிறது. முகம் போனாலும் எடை போகவில்லையே. காசாக வந்தது வெட்டு விழுந்ததும் தங்கமாகிவிட்டது. அதற்கு மேல் தராசு பார்த்துக்கொள்ளும்.

ரோமில் அடித்தவன் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் அந்தக் காசு இங்கே என்ன ஆனது என்று சொல்வது இந்தச் சேதம்தான்.

அதனால் வீட்டில் பழைய காசு இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அரத்தை வைக்காதீர்கள். பிசிறையும் கரையையும் நீங்களே வழித்துவிட்டால், பிறகு நான் எதைப் பார்த்துச் சொல்வது?