வலீமா விருந்தில் என்ன குடிக்கக் கொடுப்பது?

ஷவ்வால் பிறை தெரிந்துவிட்டால் நம் பகுதியில் நிக்காஹ் காலம் தொடங்கிவிடும். இந்தச் சில வருடங்களாக ஷவ்வால் மார்ச், ஏப்ரல் வெயிலில் வருகிறது. விருந்துக்கு வருபவர் பிரியாணியைக் கேட்பதற்கு முன் தண்ணீரைத்தான் கேட்கிறார்.

சென்ற முறை அப்படியொரு வெயில் நாளில், தேசூரில் தறி நெய்யும் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். மகனுக்கு வலீமா. மூத்த மகன் துபாயில் இருக்கிறார். செலவில் பெரும்பகுதி அவருடையது. கேட்டரிங்காரர் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்திருந்தார். வரவேற்பு பானம் என்ற தலைப்பின் கீழ் ‘விர்ஜின் மொஹிட்டோ’, ‘ப்ளூ லகூன்’, கடைசியில் ‘ஜீரோ ஆல்கஹால் பீர்’ என்று அச்சடித்திருந்தது.

“ஹஜ்ரத், ஆல்கஹால் இல்லைன்னு டப்பாவுலயே போட்டிருக்கான், பெரியவனும் அங்கெல்லாம் சாதாரணமா கிடைக்குதுன்னு சொல்றான். ஆனா எனக்கு மனசு கேக்கல” என்றார்.

அவர் மனம் கேட்காமல் போனது சரியா, வீண் சந்தேகமா? இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

திருமண விருந்தில் பரிமாறப்பட்ட ஒரு பானத்தைப் பற்றி ஸஹீஹுல் புகாரியின் திருமண அத்தியாயத்திலேயே செய்தி இருக்கிறது. அபூ உஸைத் அஸ்ஸாயிதீ (ரலி) அவர்கள் தம் திருமணத்திற்கு நபி (ஸல்) அவர்களையும் தோழர்களையும் அழைத்தார்கள். மணப்பெண் உம்மு உஸைத் (ரலி) முந்தின இரவே கல் பாத்திரம் ஒன்றில் பேரீச்சம் பழங்களை ஊற வைத்திருந்தார். நபியவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அந்த ஊறல் தண்ணீரை அவர்களுக்குச் சிறப்பாகக் குடிக்கக் கொடுத்தார். (மணப்பெண்ணே பரிமாறியது பற்றி விரிவுரையாளர்கள் தனியே பேசியிருக்கிறார்கள். இங்கே நம் பேச்சு பானத்தைப் பற்றியது.)

இப்படிப் பழத்தை ஊறவைத்து எடுக்கும் இனிப்புத் தண்ணீருக்கு நபீத் என்று பெயர். அரபு நாட்டின் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை இனிப்பாக்கிக் குடிக்க இது வழி. ஆனால் இதே நபீதை அதிக நாள் விட்டால் நுரைத்துப் புளித்து மதுவாகிவிடும். ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையில் இருந்தது சில மணி நேரம்தான். அதனால் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நேரம் கவனிக்கப்பட்டது. காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் நபியவர்கள் அருந்துவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அது குடிக்கப்படாமல் கொட்டப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன.

நாள் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். நுரை, குமிழி, மூக்கில் ஏறும் காரம் ஆகிய அடையாளங்களையே மார்க்க அறிஞர்கள் பார்த்தார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், மண்டபத்துச் சமையல் கூடத்தின் சூட்டில், ஊறல் தண்ணீர் மூன்று நாள் தாங்காது. ஒரே நாளில் கெட்டுவிடலாம்.

இதையே நம் பனைமரத்தில் பாருங்கள். ஏரிக்கரைப் பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, இறங்குவது கள். சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. சட்டமும் ஷரீஅத்தும் இந்த ஒரு கலயத்தின் விஷயத்தில் ஒரே கோட்டில் நிற்கின்றன! காலை நிக்காஹுக்குப் பதநீர் தாராளமாகக் கொடுக்கலாம். இறக்குபவரிடம் நேரில் சொல்லி அன்று காலையே வாங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மாலை விருந்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

இனி டப்பாவுக்கு வருவோம். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வகுத்த விதிப்படி, 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதுதான் மதுபானம். அதற்குக் கீழ் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது மது அல்ல. ஆகவே ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்கப்படும் ஒன்றில் 100 மில்லிக்கு அரை மில்லிக்குச் சற்றுக் குறைவாக ஆல்கஹால் இருக்க இடமுண்டு. ‘0.0’ என்று போட்டவை வேறு. அவற்றில் இன்னும் குறைவு.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்கு பழுத்த வாழைப்பழத்திலும், ரொட்டியிலும், பிழிந்து வைத்த பழச்சாற்றிலும் துளி ஆல்கஹால் இயற்கையாகவே இருக்கிறது. அதை யாரும் ஹராம் என்று சொன்னதில்லை. அதிகமாக உட்கொண்டால் போதை தருவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்பது நபிமொழியின் கருத்து. ஹனஃபி மத்ஹபில் பிற்கால அறிஞர்களும் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்றைப் பின்பற்றி இதன்படியே ஃபத்வா கொடுக்கிறார்கள். வாழைப்பழத்தைக் கூடை கூடையாகத் தின்றாலும் வயிறு வலிக்குமே தவிரப் போதை வராது. எனவே துளியின் அளவை மட்டும் வைத்து இந்த விஷயத்தை முடிக்க முடியாது.

அது எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த வகைப் பானங்களில் சில, பார்லி முளைமாவை நொதிக்க விடாமலே தயாராகின்றன. வளைகுடாவில் நம் பிள்ளைகள் குடிக்கும் மால்ட் பானங்களில் பல இந்த ரகம். வேறு சில, உண்மையான பீராகவே காய்ச்சப்பட்டு, பிறகு அதிலிருந்து ஆல்கஹால் பிரித்தெடுக்கப்பட்டவை. டப்பா ஒரே மாதிரி இருக்கும்.

மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011-ல் இந்த இடத்தில்தான் கோடு போட்டது. மது தயாரிக்கும் நோக்கமும் முறையும் இல்லாமல் செய்யப்பட்ட மென்பானத்தில் ஆல்கஹால் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம். மது தயாரிக்கும் முறையிலேயே செய்யப்பட்டது என்றால், அளவு குறைவாக இருந்தாலும், பின்னர் பிரித்தெடுக்கப்பட்டிருந்தாலும் கூடாது. இந்தோனேசிய உலமா சபை 2003-லேயே இன்னொரு படி மேலே போய், ஹராமான பொருளின் பெயரையும் சுவையையும் தாங்கி வரும் உணவு, பானங்களுக்கு ஹலால் சான்று தருவதில்லை என்று முடிவெடுத்தது. நொதிக்காத மால்ட் பானத்தை அனுமதிக்கும் அறிஞர்களும் உண்டு. அதைக் குடித்த பிள்ளையை நான் கண்டிக்க மாட்டேன். ஆனால் வலீமா மேடையில் அதை அடுக்கி வைப்பது வேறு விஷயம்.

ஏன் வேறு விஷயம் என்பதை ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு எடுத்துக்காட்டுடன் விளக்குகிறார்கள். சிலர் கூடி ஓர் இடத்தை அலங்கரித்து, மது அருந்தும் கோப்பைகளைக் கொண்டுவந்து, அவற்றில் ஸகன்ஜபீனை ஊற்றி, ஒருவர் சாகியைப் போலச் சுற்றி வந்து பரிமாற, குடிகாரர்கள் வழக்கமாகப் பேசுவதையே இவர்களும் பேசிக் குடித்தால், அது கூடாது என்கிறார்கள். ஸகன்ஜபீன் என்பது வினிகரும் தேனும் கலந்த, மருந்தாகக்கூடப் பயன்பட்ட ஹலாலான பானம். அதைக் குடித்த தோரணைதான் ஆட்சேபத்துக்குக் காரணம். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் எழுதியதைப் படிக்கும்போது, இன்றைய ‘மாக்டெயில் கவுண்டரை’ நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலத் தோன்றுகிறது எனக்கு.

நம் நாட்டு நடப்பிலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2023 ஏப்ரலில் தமிழக அரசு திருமண மண்டபங்களில் சிறப்பு அனுமதியுடன் மது பரிமாற வழிசெய்யும் விதித் திருத்தத்தை வெளியிட்டது. எதிர்ப்பு பல பக்கத்திலிருந்தும் எழுந்தது. கட்சி, மதம் பார்க்காமல் மக்கள் பேசினார்கள். திருமண மண்டபங்களுக்கு அந்த அனுமதி இல்லை என்று அரசு உடனே பின்வாங்கியது. கல்யாண மண்டபம் மதுவுக்குரிய இடமல்ல என்று தமிழ்ச் சமூகமே முகம் சுளித்த பிறகு, அதன் போலியை நாம் காசு கொடுத்து நம் மண்டபத்துக்குக் கொண்டுவருவானேன்?

மொஹிட்டோ பற்றிக் கேட்கிறீர்கள். எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா. இதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. மொஹிட்டோ என்பது ரம் கலந்த கியூபா நாட்டுப் பானத்தின் பெயர், அந்தப் பெயர்தான் நமக்குத் தேவையில்லை. பட்டியலில் ‘புதினா எலுமிச்சை சோடா’ என்று எழுதச் சொல்லுங்கள், விலையும் சற்றுக் குறையும்! ஆனால் நட்சத்திர ஓட்டலிலோ, மது பரிமாறும் இடங்களிலும் வேலை எடுக்கும் கேட்டரிங்காரரிடமோ ஏற்பாடு செய்தால் இரண்டைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மதுவைக் கலக்கிய குலுக்கும் குவளையையே இதற்கும் பயன்படுத்துகிறார்களா? ‘பிட்டர்ஸ்’ என்ற கசப்புச் சாறு சேர்க்கிறார்களா? மது சேராத கலவைகளிலும் வாசனைக்காக இதைச் சில சொட்டு விடும் பழக்கம் உண்டு. பெயர்பெற்ற அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். கலக்கிக் கொடுக்கும் பையனுக்கே இது தெரியாமல் இருக்கலாம். கேட்டால்தான் வெளியே வரும்.

ஹலால், ஹராம் பேசிவிட்டுச் சுத்தத்தை விட்டுவிடக் கூடாது. ஹலாலான பானமே விருந்தாளியை டைபாய்டிலோ மஞ்சள் காமாலையிலோ படுக்கவைத்தால் அந்தப் பொறுப்பு யாருடையது? பெரும்பாலும் குற்றவாளி ஐஸ் கட்டிதான். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸும் சர்பத்துக்கு வரும் ஐஸும் ஒரே சாக்குப் பையில் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. நீலம் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். நீலம் இல்லை என்பதற்காக மட்டும் நம்பியும் விடாதீர்கள். குடிநீர் கேன் தண்ணீரில் செய்த ஐஸ் என்று உறுதி கிடைக்காவிட்டால், ஐஸைப் பானத்துக்குள் போடாமல், பெரிய அண்டாவில் ஐஸை நிரப்பி அதற்குள் சர்பத் பாத்திரத்தை வையுங்கள். குளிர்ச்சி கிடைத்துவிடும், கிருமி உள்ளே போகாது.

அந்தச் சகோதரருக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படலாம். 500 பேர், ஆளுக்கு 200 மில்லி என்றால் ஒரு பானம் 100 லிட்டர் வேண்டும். நன்னாரி சர்பத்துக்கு ஒரு டம்ளருக்கு 30 மில்லி சாறு, மொத்தம் 15 லிட்டர். எலுமிச்சையை முன்கூட்டிப் பிழிந்து வைத்தால் கசக்கும், பந்திக்குப் பந்தி பிழிய ஒரு ஆள் போதும். சாப்பாட்டுக்குப் பின் நீர்மோர்: 25 லிட்டர் தயிர், 75 லிட்டர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு. பிரியாணிக்குப் பிறகு வயிற்றுக்கு இதைவிட இதமானது இல்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் எந்த விருந்திலும் கால்வாசிப் பேராவது இருப்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு மோர்தான் வரவேற்பு பானம், அதை முதலிலேயே வாசலிலும் வையுங்கள். ரோஸ் மில்க் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பால் வெயிலில் நிற்காது. மாலை விருந்து என்றால் மட்டும் யோசிக்கலாம்.

“பெரியவன் என்ன சொல்வானோ” என்று தயங்கினார். மூத்த மகனிடம் போனில் நானே பேசினேன். பீர் டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தில் தெருவில் உள்ள தறி வேலைக்காரர்கள் அனைவரையும் குடும்பத்தோடு அழைத்துவிடலாமே என்றேன். வசதியுள்ளவர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவை நபி (ஸல்) அவர்கள் மிக மோசமான உணவு என்று சொன்னதை அவரும் அறிந்திருந்தார். “சரி ஹஜ்ரத், மாத்திடுங்க” என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள். அவர்களுக்கும் வாசலில் கொடுத்தது அதே நன்னாரிதான்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உம்மு உஸைத் (ரலி) அவர்களின் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. முந்தின இரவு நாலு கிலோ பேரீச்சையைக் கொட்டை நீக்கி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, வந்திருந்த ஆலிம்களுக்கும் பெரியவர்களுக்கும் சிறு டம்ளரில் தாமே ஊற்றி உள்ளேயிருந்து அனுப்பினார். கடைசிப் பந்தி முடிந்தபோது இரண்டு மூன்று லிட்டர் மீதம் இருந்தது. மறுநாள் காலை போன் வந்தது: “ஹஜ்ரத், ஃப்ரிட்ஜ்ல இடமில்லாம வெளியவே வச்சிட்டோம். மேல லேசா நுரை கட்டியிருக்கு. கொட்டவும் மனசில்ல, குடிக்கலாமா?”

கொட்டிவிடுங்கள் என்றேன்.