ஃபாரின் ஸ்பேனரா? நம்ம நாட்டு ஸ்பேனரா?



இந்த மாசச் சுவர் இதழுக்கு எல்லாரும் கவிதை, விடுகதை, ஓவியம்னு கொடுத்திருக்காங்க. நான் மட்டும் ஸ்பேனரைப் பற்றி எழுதியிருக்கிறேன். சிரிக்காதீங்க! இது எங்க வீட்டில் நடந்த விஷயம். உங்க வீட்டிலும் நடக்கலாம்.

எங்க அப்பா மோட்டார் மெக்கானிக். கிணத்து மோட்டார், போர் மோட்டார் எல்லாம் ரிப்பேர் பண்ணுவார். போன சித்திரை மாசம் ஒரு தென்னந்தோப்பில் பம்பைக் கழட்டப் போனார். போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது. 17-ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டி அழுத்தினப்போ ஸ்பேனரோட வாய் விரிஞ்சு வழுக்கிடுச்சு. அப்பாவோட கை நேரா பம்பில் போய் அடிச்சு, நடுவிரல் எலும்பு முறிஞ்சிடுச்சு.

அந்த ஸ்பேனர் செட்டை வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. எட்டு ஸ்பேனர், 280 ரூபாய். அட்டையில் பளபளன்னு இங்கிலீஷ் எழுத்து. கடைக்காரர் "ஃபாரின் சாமான்"னு சொல்லித்தான் கொடுத்தார். கையில் கட்டோட அப்பா கடைக்குப் போனப்போ நானும் கூடப் போனேன்.

"ஏனுங்ண்ணா, ரெண்டு மாசத்துல வாய் விரிஞ்சு போச்சுங்க. மாத்திக் குடுங்க."

"இது இம்போர்ட்டட் அயிட்டம் தம்பி. இதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது. உங்ககிட்ட பில்லும் இல்லையே?"

பில் ஏன் இல்லைன்னா, "பில் வேண்டாம்னா இருபது ரூபா குறைச்சுக்கலாம்"னு சொன்னதும் அவரேதான்! அப்பா ஒண்ணும் பேசாம திரும்பி வந்துட்டார். எனக்குத்தான் கோபம் கோபமா வந்தது.

அப்போ ஃபாரின் சாமான் எல்லாமே மோசமா? அப்படியும் சொல்ல முடியலை. எங்க மாமா ஷார்ஜாவில் இருந்து வாங்கி வந்த ஜெர்மன் கட்டிங் பிளேயர் ஒன்பது வருஷமா அப்பா பையில் இருக்கு. இன்னைக்கும் கம்பியைக் கச்சுன்னு வெட்டுது. நான் பிறந்த வருஷம் வாங்கின நம்ம நாட்டு ரிங் ஸ்பேனர் செட்டும் இருக்கு. அதுக்கு என் வயசு, பதினாலு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. அப்போ நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் எங்கே? மூணையும் பையில் போட்டு எங்க அறிவியல் சாரிடம் கொண்டு போனேன். சார் சொன்னதையும் அப்பா சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தரம் எதில் இருக்கு?

1. இரும்பு: மலிவான டூல்ஸ் மிருதுவான இரும்பிலோ வார்ப்பிலோ செய்திருப்பாங்க. நல்ல ஸ்பேனர் குரோம் வனேடியம் என்ற கலப்பு எஃகில் செய்வது. குரோமியம் சேர்த்தால் எஃகு நன்றாகக் கெட்டிப்படும். வனேடியம் சேர்த்தால் சீக்கிரம் முறியாது. அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்து உருவம் கொண்டு வருவாங்க. "குரோம் வனேடியம்" என்று மேலே எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. எங்க அப்பா கையை உடைச்ச ஸ்பேனரிலும் அதுதான் எழுதியிருந்தது!

2. தோய்ச்சல்: காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் ரொம்பக் கெட்டியாகும். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி அளவாகச் சூடு காட்டுவாங்க. சூடு பதம் தப்பினால் ஒன்று வாய் விரியும், இல்லைன்னா வாய் உடையும். சார் ஒரு அரம் எடுத்து எங்க ஃபாரின் ஸ்பேனரில் தேய்த்தார். அரம் சுலபமாக இறங்கி, தூள் கொட்டியது. பழைய ரிங் ஸ்பேனரில் அவ்வளவு லேசாக இறங்கலை. ஜெர்மன் பிளேயரின் வெட்டும் இடத்தில் அரம் வழுக்கிக்கொண்டே போனது. பிளேயரில் வெட்டும் இடத்தை மட்டும் தனியாகக் கெட்டிப்படுத்துவாங்களாம்.

3. அளவு: 17 நம்பர் போல்ட்டுக்கு 17 நம்பர் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கணும். கொஞ்சம் லூசா இருந்தாலும் போல்ட்டோட மூலைகள் மழுங்கிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது, வெட்டித்தான் எடுக்கணும். சாமான் மலிவு, ஆனால் போல்ட் போச்சு!

4. பளபளப்பு: மேலே இருக்கும் முலாம் துருப்பிடிக்காமல் காப்பதற்குத்தான். அது உள்ளே இருக்கும் இரும்பின் தரத்தைச் சொல்லாது.

5. கைப்பிடி: இது உயிர் விஷயம், கவனமாகப் படிங்க. பிளேயர் கைப்பிடியில் பிளாஸ்டிக் இருந்தாலே கரண்ட் அடிக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. தப்பு! சாதாரண பிளாஸ்டிக் உறை பிடிக்க வசதிக்குத்தான். கரண்ட் வேலைக்கு என்று சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற உலகத் தர எண்ணும் போட்டிருக்கும். மூன்று பேஸ் மோட்டாரில் 415 வோல்ட் வருது. அந்தக் குறி இருந்தாலும் ஃபியூஸைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும் என்கிறார் அப்பா.

நாடு முக்கியமா?

சார் ஒரு விஷயம் சொன்னார், ஆச்சரியமா இருந்தது. பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானில் நாகௌர் ஆகிய ஊர்களில் கைக்கருவி செய்யும் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைய இருக்கு. ஜலந்தரில் கைக்கருவிகளுக்காகவே 1983-இல் மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. அங்கிருந்தெல்லாம் ஸ்பேனரும் பிளேயரும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போகுது. அப்போ நம்ம நாட்டுச் சாமான் அமெரிக்காக்காரங்களுக்கு ஃபாரின் சாமான்தானே?

அதே மாதிரி, நம்ம மெக்கானிக்குகள் அதிகம் வைத்திருக்கும் டபாரியா கம்பெனி 1969-இல் சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு இந்தியாவில் டூல்ஸ் செய்யத் தொடங்கியது. நாம் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று சொல்கிறோமே, அதற்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவரும் சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன் என்பவர்தான். 1890-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்.

ஆக, ஜெர்மனியில் செய்தாலும் ஜலந்தரில் செய்தாலும் நல்லது நல்லதுதான். பேரும் ஊரும் இல்லாத சாமான் எங்கிருந்து வந்தாலும் ஆபத்துதான். நம்ம நாட்டுப் பேர் பெற்ற கம்பெனி பேரில்கூட போலி வருது. பேரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருப்பாங்க, உத்துப் பாருங்க.

வாரண்டின்னா என்ன?

கருவியைச் செய்ததில் தப்பு இருந்தால், கம்பெனி மாற்றியோ சரிசெய்தோ தருவேன் என்று கொடுக்கும் வாக்குதான் வாரண்டி. நம்ம ஊரில் கேரண்டி என்கிறோம். சில கம்பெனிகள் "ஆயுள் முழுக்க வாரண்டி" தருது. ஆனால் அதில் சேராதது நிறைய இருக்கு:

* நாள்பட்டுத் தேய்வது
* ஆக்சா பிளேடு, டிரில் பிட் மாதிரி சீக்கிரம் தீர்ந்து போகும் சாமான்
* சாணை பிடித்தோ வெல்டிங் வைத்தோ மாற்றியது
* திருப்புளியை உளி மாதிரி வைத்து அடித்தது
* ஸ்பேனரில் பைப் சொருகி நீளமாக்கியது

மாமாவோட ஜெர்மன் பிளேயருக்கும் அப்படி ஒரு வாரண்டி உண்டு. ஆனால் பில் ஷார்ஜா கடையில் போட்டது. இங்கே அதை யாரிடம் கேட்பது? அங்கே அனுப்பினால் பிளேயர் விலையைவிடத் தபால் செலவு கூட ஆகிவிடும். எங்க பழைய ரிங் ஸ்பேனரில் ஒன்று அஞ்சாவது வருஷம் கீறல் விட்டப்போ, டவுனில் வாங்கின கடையிலேயே பில்லைப் பார்த்து, கம்பெனிக்கு அனுப்பி, மூணு வாரத்தில் புதுசு கொடுத்தாங்க.

இதில் நான் கத்துக்கிட்டது இதுதான்: எத்தனை வருஷம் வாரண்டி என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கே போய்க் கேட்பது என்றும் கேட்கணும்.

அப்பா சொன்ன உண்மை

இதை எழுதும்போது அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பைப் சொருகுவது பற்றிய வரி வந்ததும் அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "அன்னைக்கு நானும் பைப் சொருகித்தான் அழுத்துனேன் கண்ணு" என்றார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

ஸ்பேனரின் பிடி நீளம் சும்மா வைத்ததில்லை. அந்த நம்பர் போல்ட்டுக்கு எவ்வளவு திருப்பு விசை தாங்குமோ அதற்கு ஏற்ற நீளம் அது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்பு விசை கிடைக்கும். 20 செ.மீ. பிடியை பைப் போட்டு 60 செ.மீ. ஆக்கினால், அதே கை அழுத்தம் மூணு மடங்கு திருப்பு விசையாகிடும். நல்ல ஸ்பேனராக இருந்தாலும் திணறும். மிருதுவான இரும்பு என்ன செய்யும்? இறுகின போல்ட்டுக்கு முதலில் எண்ணெய் விட்டு ஊற வைக்கணும், மெதுவாகத் தட்டிக் கொடுக்கணும், பிறகு ரிங் ஸ்பேனர் போடணும். இது அப்பாவுக்கே தெரியும். அன்னைக்குத் தோப்புக்காரர் அவசரப்படுத்தினாராம்.

"இதை எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது கண்ணு, நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

கணக்குப் பாருங்க! நல்ல உள்நாட்டு செட் அன்னைக்கு 820 ரூபாய். எங்களுக்கு மிச்சமானது 540 ரூபாய். அப்பா வேலைக்குப் போகாமல் இருந்தது 24 நாள். ஒரு நாளைக்கு 700 வீதம் 16,800 ரூபாய் போச்சு. அந்த மாசம் என் சைக்கிளுக்கு டயர் மாற்ற முடியலை. நடந்துதான் பள்ளிக்கூடம் வந்தேன்.

சட்டம் என்ன சொல்லுது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் புதிதாக வந்தது. 2020 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கு. பொருளில் குறை இருந்து நமக்குக் காயம் பட்டால் இழப்பீடு கேட்கலாம். செய்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், விற்ற கடைக்காரரே பொறுப்பு. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே வழி சொல்வாங்க. ஆனால் கையில் பில் இருந்தால்தான் பேச்சு பலமாக நிற்கும்.

வாங்கும்போது மறக்காதீங்க!

1. அட்டையில் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பேர், முகவரி, எந்த நாடு, எம்.ஆர்.பி., புகார் எண் இருக்கா?
2. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதோடு தர எண்ணும் இருக்கும். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650.
3. கம்பெனி பேர் அட்டையில் மட்டுமா, கருவியின் உடம்பிலேயே பதிந்திருக்கா?
4. வாரண்டியில் எது சேரும், எது சேராது? இங்கே யார் மாற்றித் தருவாங்க?
5. பில்! பில்! பில்! இருபது ரூபாய்க்காக விட்டுடாதீங்க.
6. காசு குறைவா? எட்டு மட்ட ஸ்பேனருக்குப் பதில் அடிக்கடி தேவைப்படும் இரண்டு நல்ல ஸ்பேனர் வாங்குங்க.

கடைசியா ஒரு விஷயம். எங்க ஊர் ஆசாரித் தாத்தா பட்டறையில் செய்த மண்வெட்டிதான் எங்க வீட்டில் இருக்கு. அதில் முத்திரையும் இல்லை, வாரண்டி அட்டையும் இல்லை. ஆனால் வாய் மழுங்கிப் போனால் "கொண்டா சாமி" என்று வாங்கி, காய்ச்சி, தோய்ச்சு, அன்னைக்கே கொடுத்துடுவார். ஏன்னா அவரை நமக்குத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியும். தப்பா இருந்தா நாளைக்கு அவர் வாசலில் போய் நிற்போம் என்று அவருக்கும் தெரியும். தூரத்தில் இருந்து வரும் சாமானுக்கு அந்த வாசல் எங்கே இருக்கு என்று காட்டுவதுதான் பில்லும் முகவரியும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பாங்க. எங்க அப்பா வல்லவர்தான். ஆனாலும் அவருக்கு நல்ல ஸ்பேனர் வேணும். இப்போ விரல் சரியாகிடுச்சு, கொஞ்சம் வளைஞ்சிருக்கு. பையில் இரண்டு புது ஸ்பேனர் இருக்கு. பில் என் கணக்கு நோட்டுக்குள்ளே பத்திரமா இருக்கு.



— 9-ஆம் வகுப்பு மாணவி