சாய்தளம் மேடையோடு பிறக்க வேண்டும்

தெருக்கூத்தில் வேடதாரி சட்டென்று களத்துக்குள் வந்து நின்றுவிடுவதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாட்டெடுப்பார். வருவது யார், எந்த நாட்டுக்கு ராசா, என்ன கோபத்தோடு வருகிறார் என்பதெல்லாம் அந்தப் பாட்டிலேயே வந்துவிடும். போதாததற்குக் கட்டியங்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்டு வேடத்தின் ஊரையும் பேரையும் சொல்லவைப்பான். பார்வையற்ற ஒருவர் கூட்டத்தில் இருந்தால், துரியோதனன் வந்துவிட்டானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவே வேண்டாம்.

இன்று நாடக அரங்குகளிலும் திரையரங்குகளிலும் பார்வையற்றோருக்காக 'ஒலி விவரணை' தருகிறார்கள். வசனங்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில், மேடையில் நடப்பதை ஒரு குரல் காதொலிப்பான் வழியே சொல்லும். கூத்து பார்வையற்றோரை மனத்தில் வைத்து அந்தத் திரையைப் பிடிக்கவில்லைதான். இருட்டிலும் கூட்டத்திலும் தூரத்தில் இருப்பவனுக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த வழக்கம் அது. ஆனால் ஊர்க்கலைகளை மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியதாக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இங்கே விவரணை கலையின் உடம்பிலேயே இருக்கிறது, கடைசி நேரத்தில் ஒட்டவைத்ததல்ல.

பிரிட்டனில் 1980இல் தொடங்கிய கிரேஐ நாடகக் குழு இதையே தன் கொள்கையாக வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளே முன்நின்று நடத்தும் குழு அது. 1997இல் அதன் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜென்னி சீலி, சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். அவருடைய நாடகங்களில் சைகைமொழி பேசுபவர் மேடையின் ஓரத்தில் தனியாக நிற்பதில்லை. கதாபாத்திரங்களில் ஒருவராகவே உள்ளே நடமாடுவார். நடப்பதை விவரிக்கும் சொற்கள் வசனத்திலேயே கலந்திருக்கும். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இணைந்து இயக்கியவரும் அவர்தான். காது கேட்பவர்களும் கண் தெரிபவர்களும் கூடுதலாக ஏதோ கிடைத்ததாகவே இந்த நாடகங்களை உணர்கிறார்கள்.

நம் ஊரில் வேலை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. மேடை கட்டி, ஒலிபெருக்கி கட்டி, அழைப்பிதழ் அடித்த பிறகுதான் சக்கர நாற்காலியில் வருபவர் நினைவுக்கு வருகிறார். ஒரு சின்னக் கணக்கு. சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குலம் உயர ஓர் அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடைக்கு 36 அடிச் சாய்தளம். நடுவில் நின்று இளைப்பாறும் தளத்தையும் சேர்த்தால் இன்னும் நீளும். பந்தல் போட்டு முடித்த பிறகு அந்த இடத்தை எங்கே தேடுவது? கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேடையில் வைக்கிறார்கள். தூக்குகிறவர்கள் அன்போடுதான் தூக்குகிறார்கள். ஆனால் ஊரே பார்க்கத் தூக்கப்படுகிறவர் விருது வாங்க வந்த கலைஞராக அப்போது இருப்பதில்லை.

மேடையே இல்லாத பழைய கூத்துக் களம் இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை. ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே தரையில். மணலாக இருந்தால் சக்கரம் புதையும் என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில், மணல்மேல் கடலை நோக்கிச் செல்லும் மரப்பாதையைத் திறந்தார்கள். அலையருகே போக முடியாதிருந்தவர்கள் தாங்களே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: இத்தகைய வசதி ஒருமுறை செய்து மறந்துவிடக் கூடியதல்ல. திருவிழாக் களத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடும் தேவையில்லை. கெட்டியான பலகைகளை இடைவெளியின்றி விரித்து, கழிப்பறை வரைக்கும் அதே பாதையை நீட்டினால் போதும். கழிப்பறையை மறந்தால், விடிய விடிய நடக்கும் கூத்தைப் பத்து மணிக்கே விட்டுப் போகச் சொல்கிறோம் என்று பொருள்.

காது கேளாதவர்களுக்கு எது எட்டும்? பறையும் தவிலும் காதுக்கு மட்டும் ஒலிப்பவையல்ல. அதிர்வு தரை வழியே காலுக்கும் நெஞ்சுக்கும் வரும். காது கேளாமை கொண்ட ஸ்காட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளென்னி, அதிர்வை உணர வெறுங்காலோடு வாசிப்பவர். எனவே காது கேளாதவர்களை மேளக்காரர்களுக்கு அருகில் உட்காரவைக்கலாம். கற்றுக்கொள்ள வந்தால் கையில் பறையையே கொடுக்கலாம். வில்லுப்பாட்டு வேறு வகை. அங்கே சொல்தான் எல்லாம், சைகைமொழி இல்லாவிட்டால் ஒன்றும் எட்டாது. சைகைமொழிபெயர்ப்பாளருக்குப் பாட்டும் கதையும் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும், ஒத்திகையில் இடம் வேண்டும், முகத்திலும் கைகளிலும் வெளிச்சம் விழ வேண்டும். நீண்ட நிகழ்ச்சி என்றால் மாறி மாறிச் செய்ய இருவர் வேண்டும். ஒருவரையே மணிக்கணக்கில் நிற்கவைத்தால் கை ஓய்வதற்கு முன்பே மனம் ஓய்ந்துவிடும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கூத்தின் இயல்பே தோதானது. நடுவில் எழலாம், படுக்கலாம், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம், யாரும் முறைப்பதில்லை. பிரிட்டன் அரங்குகள் இதையே தனிக் காட்சிகளாக அறிவித்து நடத்துகின்றன. நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒலிபெருக்கியின் சத்தத்தையும் திடீர் வெடியையும்தான்.

கூத்தின் எல்லாவற்றையும் போற்றிவிடவும் முடியாது. திக்குவாயையும் நொண்டி நடையையும் காட்டிச் சிரிப்பு மூட்டும் பழக்கம் கோமாளி வேடத்திலிருந்து சினிமா வரை வந்திருக்கிறது. 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல கோடு கிழித்தது. மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்றது. கட்டியங்காரனாக ஒரு மாற்றுத்திறனாளியே வந்தால், சிரிப்பு யார் பக்கம் திரும்பும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

சட்டத்துக்கும் இதில் பேச்சுண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான, 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாக வைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதி செய்துதரவும் கலைப் படிப்புகளை மாற்றியமைக்கவும் அரசைப் பணிக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாராவது வந்து கேட்ட பிறகு செய்து தருவது ஒன்று, கேட்பதற்கு முன்பே அமைத்து வைப்பது மற்றொன்று என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியதை ஒவ்வொரு விழாக்குழுவும் படிக்க வேண்டும்.

பார்வையாளராக வந்து போவதோடு இது முடிவதில்லை. கால் நடக்காத ஒருவரும் கண் தெரியாத ஒருவருமாக, முன்பாதி இவர் பின்பாதி அவர் என்று வெண்பா பாடியதாகச் சொல்லப்படும் இரட்டைப் புலவர்களை நம் மரபு புலவர்களாகவே ஏற்றது. இன்றோ பல இடங்களில் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் ஒரு நடனம், ஒரு சால்வை, ஒரு புகைப்படம், அதோடு சரி. விழாக்குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர் முதல் கூட்டத்திலிருந்தே இருந்தால், சாய்தளமும் சைகைமொழியும் செலவுப் பட்டியலில் பந்தலுக்குப் பக்கத்திலேயே ஏறிவிடும். ஆட வருகிற மாற்றுத்திறனாளிக் கலைஞருக்கு மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். சக்கர நாற்காலி ஏறும் வண்டியின் வாடகை விழாக் கணக்கில், அவர் சம்பளத்தில் அல்ல.