வழிச்செலவும் வழிக்காவலும்

தென்காசியினின்று குற்றாலத்திற்கு மூன்று நான்கு மைல் தூரமே உண்டு. சாரற்காலத்தில் நீராடச் செல்லும் மாணவர் அதனைப் பாட்டும் பேச்சுமாய் நடந்தே கடந்துவிடுகின்றனர். அப்பால் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறுவோரும் கள்வரை நினைப்பதில்லை. ஆனால் இச்சீமையின் வழிகளில் அச்சமின்றி நடத்தல் பண்டு விலையின்றிக் கிடைத்ததன்று. அவ்விலையை யார் வாங்கினர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வழிப்பறிப்போர்க்கு நம் பழைய நூல்கள் இட்ட பெயர் ஆறலைகள்வர் என்பது. ஆறு என்பது வழி. வழிச்செல்வோரை அலைப்பவர் ஆதலின் அப்பெயர் பெற்றனர். அவர்க்கஞ்சிய வணிகர் தனித்துச் செல்லாது சாத்தாகத் திரண்டு சென்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலோ, மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் சுங்கப் பெருவழியில், வழிகள் பிரியும் இடங்களை வில்வீரர் காத்து நின்றமை காண்கிறோம். சுங்கம் கொண்டவன் காவலும் தந்தான். ஆற்றுப்படை என்பதே, பரிசில் பெற்று மீள்வோன் எதிர்ப்பட்டவனுக்கு வழியின் நிலை கூறுவதன்றோ? தேர்வுக்காக அதனைப் படிக்கும்போது இப்பயன் நம் கண்ணிற் படுவதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் இவ்வேற்பாடு வேறு உருக் கொண்டது. ஓர் ஊரளவில் நின்ற காவல் தலக்காவல் எனவும், பல ஊர்களுக்கும் அவற்றிடைப்பட்ட வழிகளுக்கும் உரியது தேசகாவல் எனவும் வழங்கின. காவற்பணம் செலுத்தியவனுடைய பொருள் களவு போயின், காவல்காரன் அதனைத் தேடிக் கொடுத்தல் வேண்டும்; இயலாதாயின் ஈடு செய்தல் வேண்டும். கேட்பதற்கு மிக நன்று. ஆனால் பணம் செலுத்தாதவன் தொழுவில் மாடு காணாமற் போகும். துப்புக்கூலி கொடுத்தால், அம்மாடு இன்ன இடத்தில் கட்டியிருப்பதாகச் செய்தி வரும்! காவலனும் கள்வனும் ஒருவனே என்று குடிகள் ஐயுற்றனர். ஐயுற்றும் கொடுத்தனர், வேறென் செய்வர்?

பாளையப்போர்கள் 1801-இல் முடிந்தபின் பாளையக்காரரின் காவலுரிமை கும்பினியார் கைக்குப் போயிற்று. 1816-இல் ஊர்க்காவல் பற்றிய சட்டமும், 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டமும் வந்தன. ஆயினும் காவற்பணம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் மறையவில்லை. பின்னர் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், சில வகுப்பினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனக் கருதிற்று. வழியைக் காப்பதற்கு இதனினும் கொடிய முறையைத் தேடியிருக்க முடியாது என்பது என் துணிபு. 1947-இல் அது மாகாணத்தில் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1904-இல் செங்கோட்டையினின்று மலையைக் குடைந்து கொல்லத்திற்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று.

இவையெல்லாம் பழங்கதை எனக் கருதுவோர் கரீபியக் கடலிலுள்ள ஹெயித்தி நாட்டை நோக்குக. ஆங்கு 2021-இல் குடியரசுத் தலைவர் மொயீசு கொலையுண்டபின் ஆயுதக் கூட்டங்களின் வலிமை மிகுந்தது. 2024 மார்ச்சில் அவற்றின் தாக்குதலால் தலைநகர் போர்த்தோ பிரின்சின் விமான நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் விமானங்கள் மீதும் குண்டுகள் பட்டன. தலைநகரினின்று புறப்படும் பெருவழிகளில் அக்கூட்டத்தார் தடையிட்டு வண்டிகளிடம் சுங்கம் வாங்கலாயினர். தேசகாவலேனும் இழந்த பொருளுக்கு ஈடு பேசிற்று. இச்சுங்கமோ எதற்கும் உறுதி கூறுவதில்லை. ஒரு கூட்டத்திற்குக் கொடுத்தவனை அடுத்த திருப்பத்தில் மற்றொரு கூட்டம் பிடித்துச் செல்லவும் கூடும்.

அத்தகைய நாட்டிற்குப் போகாமையே நன்று. போக நேரின், இருட்டுமுன் சேர்தலும், துணையோடு செல்லுதலும், புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒருவர்க்கு அறிவித்தலும், நகையும் பணமும் பிறர் காண வையாமையும் வேண்டும். மறிக்கப்படின் பொருளுக்காக எதிர்த்து நிற்றல் பேதைமை. இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. குறுக்குவழி ஒன்று யாருடைய எல்லையிற் புகும் என்பதை வரைபடம் சொல்லாது. அன்று காலை அவ்வழியே வந்த வண்டியோட்டி சொல்வான். எதிர்வரும் பாணனிடம் கேட்டறியும் பழைய முறையே இது. அவ்வண்டியோட்டி “போகவேண்டா” என்பானாயின், கட்டிய மூட்டையை அவிழ்த்து வைத்துவிடுதல் வேண்டும். விடுதிக்கு ஒரு நாட்கூலி மிகுமே என்று கணக்குப் பார்த்தல் ஆகாது.